செப்புக் கம்பி எட்டிய தூரம்

பழவேற்காடு ஏரியில் இறால் வலை கட்டப் பாடு என்றோர் ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் இறால் எங்கே படும் என்பது கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராருக்கும் தலைமுறைகளாகத் தெரியும். எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போனால் ஒருவருக்கும் ஒன்றும் தேறாது. அதனால் எந்த ஊருக்கு எந்த நாள், யாருக்கு எந்த இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறக்க மாட்டார்.

வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் பிராட்பேண்ட் இணையம் வந்ததும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டில்தான். கம்பி ஒன்று. அதில் பேச்சுக்கு ஓர் இடம், வீட்டிலிருந்து போகும் தகவலுக்கு ஓர் இடம், வீட்டுக்கு வரும் தகவலுக்குப் பெரியதாக ஓர் இடம். 2005க்குப் பிறகு பல ஆண்டுகள் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் இணையம் என்றால் பெரும்பாலும் இதுதான். இப்போது அந்தக் கம்பிகள் பல ஊர்களில் கம்பத்திலிருந்து அறுந்து தொங்குகின்றன. அவற்றின் இடத்துக்கு ஒளியிழை வந்துகொண்டிருக்கிறது. பழைய கம்பி என்ன செய்தது, கரையோரக் கடைசிக் குப்பத்துக்குப் போய்ச் சேர ஏன் திணறியது என்று தெரிந்துகொண்டால், புதிய கம்பியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் தெரியும்.

மதராஸில் தொலைபேசி இணைப்பகம் வந்தது 1882இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் கிரகாம் பெல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்துவிடலாம். வீட்டுக்கு வந்த தொலைபேசி இணைப்பு என்பது கடைசிவரை இந்த முறுக்கிய ஜோடிதான்.

பேச்சுக்கு இந்த ஜோடியில் மிகக் கொஞ்ச இடமே போதும். வினாடிக்கு 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரை போனாலே மறுமுனையில் இருப்பவர் குரல் அடையாளம் தெரியும், சொல்வதும் புரியும். அதற்கு மேல் உள்ளதைத் தொலைபேசி அமைப்பு வெட்டிவிட்டது. ஆனால் செம்புக்கு அந்த வரம்பு கிடையாது. தூரம் குறைவாக இருந்தால் வினாடிக்குப் பத்து லட்சம் அதிர்வையும் தாண்டி அது கடத்தும். நூறாண்டுகளுக்கு மேலாக அந்த ஜோடியின் பெரும்பகுதி வெறுமனே கிடந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோதும் அந்த வெறும் இடத்தை யாரும் தொடவில்லை. அன்றைய டயல்-அப் மோடம் தகவலைச் சத்தமாக மாற்றி, பேச்சுக்கு உரிய அதே குறுகிய இடத்தில் திணித்து அனுப்பியது. ரிசீவரை எடுத்தால் கேட்ட அந்தக் கிறீச்சொலி அதுதான். இணைப்பகத்தில் இருந்த கருவி வரும் ஒலியை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதிக்கொள்ளும். பெருக்கினால் 64 கிலோபிட். எவ்வளவு கெட்டிக்கார மோடமாக இருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது. அதனால்தான் டயல்-அப் 56 கிலோபிட்டோடு நின்றது. இணையத்தில் ஒருவர் இருக்கும்வரை வீட்டுக்கு அழைப்பவர்களுக்கு எங்கேஜ் டோன்தான் கேட்கும்.

சுவரைத் தாண்டும் வழி 1980களின் கடைசியில் அமெரிக்காவில் தெளிந்தது. பெல்கோர் ஆய்வகத்தின் ஜோசப் லெக்லைடர், போகும் தகவலுக்கும் வரும் தகவலுக்கும் சமமாக இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்று காட்டினார். ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் நெருக்கியடித்துப் போகும்போது ஒன்றின் குறிப்பலை பக்கத்து ஜோடியில் கசியும். வீட்டிலிருந்து களைத்து வந்து சேரும் மெல்லிய குறிப்பலையை, இணைப்பகத்திலிருந்து புறப்படும் வலுவான குறிப்பலைகள் மூழ்கடித்துவிடும். போகும் பாதையைக் கீழே ஒரு சிறு இடத்தில் ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வீட்டில் இருப்பவர் அனுப்புவதைவிட வாங்குவதுதான் அதிகம் என்பதால் இதில் பெரிய நஷ்டமும் இல்லை. இந்த முறைக்கு ஏடிஎஸ்எல் என்று பெயர்; அந்தப் பெயரின் முதல் எழுத்து இந்தச் சமமின்மையைத்தான் குறிக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபி அடுத்த அடியை வைத்தார். கம்பியின் முழு அகலத்தையும் ஒரே பரப்பாக வைத்துக்கொள்ளாமல் 256 சிறு துண்டுகளாக அவர் பிரித்தார். ஒவ்வொரு துண்டும் சுமார் 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலம். அடியில் பேச்சு. அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு, 138 கிலோஹெர்ட்ஸ் வரை வீட்டிலிருந்து போகும் தகவல். அங்கிருந்து 1,104 வரை வீட்டுக்கு வரும் தகவல். மோடத்தை இயக்கியதும் பச்சை விளக்கு சிறிது நேரம் விட்டுவிட்டு எரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் மோடமும் இணைப்பகத்துக் கருவியும் ஒவ்வொரு துண்டாகச் சோதித்துப் பார்க்கின்றன. சுத்தமாக இருக்கும் துண்டில் ஒரு தடவைக்கு 15 பிட் வரை ஏற்றுகின்றன. இரைச்சல் மிகுந்த துண்டில் இரண்டோ மூன்றோ. தேறாத துண்டை அப்படியே விட்டுவிடுகின்றன.

சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அது வீட்டுக்கு வரும் தகவலுக்காக ஒதுக்கிய இடத்தின் நடுவில் விழுகிறது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் டெலிபோன் ஒயர் நீண்ட ஆன்டெனாவாக மாறி அந்த ஒலிபரப்பையும் வாங்கிக்கொள்ளும். மோடம் என்ன செய்யும்? அந்தச் சில துண்டுகளை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் வேலையைப் பார்க்கும். புயல் செய்திக்காகக் கடலோர மக்கள் காதில் வைத்துக் கேட்ட வானொலியும், பிறகு வந்த இணையமும் ஒரே அலைவரிசைப் பரப்பில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு இயங்கின.

வீட்டில் இதற்குத் தேவைப்பட்டது கைக்குள் அடங்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றுதான். ஒரு முனையில் தொலைபேசி, மறுமுனையில் மோடம். பேச்சின் தாழ்ந்த அதிர்வை மட்டும் தொலைபேசிக்கு அனுப்பி, மற்றதை மோடத்துக்கு விடும். அதை மாட்டாமல் விட்டால் பேசும்போது காதில் இரைச்சல், இணையத்தில் அடிக்கடி துண்டிப்பு. இணைப்பகத்தில் டீஸ்லாம் என்ற பெட்டி இதே பிரிப்பைப் பல நூறு வீடுகளுக்கு ஒரே சமயத்தில் செய்து, தகவலையெல்லாம் திரட்டி ஒளியிழையில் ஏற்றும். அங்கிருந்து பெருநகரம், பிறகு உலகம். 2002இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கேபிள் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை சுமார் 3,200 கிலோமீட்டர் கடலடியில் போகிறது. பழவேற்காட்டார் வலை விரிக்கும் அதே வங்கக் கடலுக்கு அடியில், உலகத்தின் பெருந்தகவல் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. கடலைக் கடப்பது சிக்கலாக இல்லை. இணைப்பகத்திலிருந்து வீடு வரையுள்ள கடைசி நாலைந்து கிலோமீட்டர்தான் சிக்கல்.

செம்பில் அதிர்வு கூடக்கூட வலு வேகமாகக் கரையும். பேச்சு ஒரு கிலோமீட்டர் போனால் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் இழக்கும். 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியில் 300 கிலோஹெர்ட்ஸ் குறிப்பலையோ ஒரே கிலோமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நான்கு கிலோமீட்டர் போய்ச் சேரும்போது லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதற்கு மேற்பட்ட அதிர்வுகளின் கதி இன்னும் மோசம். அதனால் தூரம் கூடும்போது மேல் துண்டுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. 2003இல் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் தாளில் 24 மெகாபிட் தரக்கூடியது. இணைப்பகத்துக்குப் பக்கத்து வீட்டில் அதில் பெரும்பகுதி கிடைக்கும். மூன்று கிலோமீட்டரில் எட்டு ஒட்டி. ஐந்து கிலோமீட்டரில் ஒன்றோ இரண்டோ, அதுவும் கம்பி நன்றாக இருந்தால்.

இந்தக் கணக்கை ஏரியின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. குப்பங்கள் கரையிலும் கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. கரையில் நின்றால் எதிர்க்குப்பத்துக் கோயில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கம்பி படகில் போக முடியாது. கரையைச் சுற்றி, பாலத்தைக் கடந்து, சாலை போகும் வழியில்தான் போக வேண்டும். கண்ணுக்கு இரண்டு கிலோமீட்டராகத் தெரிவது கம்பிக்கு ஐந்தாகிவிடும். ஐந்து என்றால் ஏடிஎஸ்எல்லுக்கு அதுவே ஓரம்.

தூரத்தோடு உப்பும் சேர்கிறது. டெலிபோன் கேபிளின் உள்ளே ஈரம் புகாமலிருக்க ஜெல்லி அடைத்திருப்பார்கள். ஆனால் இணைப்பு போடும் இடங்களில், பில்லர் பெட்டியில், கம்பத்து டிபி பெட்டியில் செம்பு வெறுமனே நிற்கும். உப்புக்காற்று பட்ட செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அந்த இடத்தில் மின்தடை கூடும், இரைச்சல் பிறக்கும். பேச்சு இந்தக் கோளாறைப் பொறுத்துக்கொள்ளும். குரல் கொஞ்சம் கரகரப்பாகக் கேட்கும், அவ்வளவுதான். பிராட்பேண்ட் பொறுக்காது. தொலைபேசி வேலை செய்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்று கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் எழும் புகாருக்கு இதுவும் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த ஒரு ஜோடியைத் தேடிக் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய லைன்மேன்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் பெரிதாகப் பதிவாகவில்லை. பதிவாகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. நீண்ட கிராமப்புற லைன்களில் பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காகக் கம்பியின் நடுவே, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டருக்கு ஒன்றாக, லோடிங் காயில் என்ற கம்பிச்சுருள்களை வைப்பது தொலைபேசி உலகின் பழைய வழக்கம். அவை பேச்சின் அதிர்வுகளைக் காப்பாற்றும். அதற்கு மேற்பட்டதை அடியோடு தடுக்கும். தூரத்து வீட்டுக்காரர்களின் குரலுக்காகச் செய்த நன்மையே பின்னாளில் அவர்கள் இணையத்துக்கு முட்டுக்கட்டையானது. அவற்றைத் தேடி எடுத்தால்தான் பிராட்பேண்ட் போகும்.

இந்திய அரசு தன் முதல் பிராட்பேண்ட் கொள்கையை 2004 அக்டோபர் 14 அன்று வெளியிட்டது. வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. அந்த வேகத்தில் 5 மெகாபைட் பாட்டு ஒன்று இறங்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மெகாபிட்டில் சொல்வது வேகம், மெகாபைட்டில் சொல்வது கோப்பின் அளவு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். விளம்பரத்தில் பார்த்த எண்ணும் கணினியில் தெரியும் எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை என்ற குழப்பத்துக்கு விடை இந்த எட்டில் இருக்கிறது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. அதன் வீட்டுத் திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை கட்டணக் கணக்கில் சேராது என்பதால், அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கிய ஒரு தலைமுறையே உண்டு.

கொள்கை வந்து பத்து வாரத்தில் சுனாமி வந்தது. கடலோரத்துக்குத் தகவல் எவ்வளவு அவசரம் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. பழவேற்காட்டுக் குப்பங்களும் அன்று அடிபட்டன. அங்கிருந்து தெற்கே, புதுச்சேரிக் கரையின் நல்லவாடு கிராமத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் வீட்டை நோக்கி வருவதாகப் பதில் வந்தது. ஓடச் சொல்லுங்கள், ஊர் முழுக்கச் சொல்லுங்கள் என்றார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊரில் இருந்த 3,600க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள்.

அந்த அறிவு மையங்களின் கதை 1998இல் தொடங்குகிறது. வில்லியனூரை நடுவமாக வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கணினி வைத்தார்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அலை எவ்வளவு உயரம் எழும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பு இருந்தது. அதைத் தினமும் இறக்கித் தமிழில் எழுதி, கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நடுவத்துக்கு இணையம் வந்தது டயல்-அப் தொலைபேசி லைனில். அங்கிருந்து கிராமங்களுக்கு? தொலைபேசிக் கம்பியை மட்டும் நம்பிப் பயனில்லை என்பதால் விஎச்எஃப் ரேடியோ வைத்துக்கொண்டார்கள். செப்புக் கம்பியின் எல்லை எது என்பதை அந்த ஏற்பாடே காட்டுகிறது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். தொலைபேசி இணைப்பின் செலவில் பெரும்பகுதி வீடுவரை போகும் செம்பில்தான் போகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே கடைசித் தூரத்தைக் காற்றில் கடக்கும் கார்டெக்ட் அமைப்பை உருவாக்கினார்கள். பேச்சோடு 35 அல்லது 70 கிலோபிட் இணையமும் அதில் வந்தது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களின் இணைய மையங்கள் இதை வைத்தே இயங்கின. பிற நாடுகளோ செம்பை விடாமல் அதன் நீளத்தைக் குறைத்தன. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் தெருமுனைப் பெட்டிவரை ஒளியிழையைக் கொண்டுவந்து, வீட்டுக்கு எஞ்சிய சில நூறு மீட்டரை மட்டும் பழைய கம்பியில் ஓட்டினார்கள். ஐந்து கிலோமீட்டரில் திணறிய அதே செம்பு முந்நூறு மீட்டரில் 50 மெகாபிட்டுக்கு மேல் தந்தது.

இங்கே கிராமங்களை எட்டுவதற்கு 2009 ஜனவரியில் ஒரு முயற்சி நடந்தது. எல்லோருக்கும் தொலைபேசிச் சேவை சேர்க்க அரசு வைத்திருக்கும் நிதியிலிருந்து மானியம் தந்து, கிராமப்புற இணைப்பகங்களின் செப்புக் கம்பி வழியாகவே ஐந்து ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பிராட்பேண்ட் இணைப்புகள் கொடுக்க பிஎஸ்என்எல்லோடு ஒப்பந்தம் போட்டார்கள். குறைந்தது 512 கிலோபிட் என்றது நிபந்தனை. நல்ல நோக்கம்தான். ஆனால் அது ஏற்கெனவே நல்ல கம்பி உள்ள வீட்டுக்குத்தான் உதவும்; குடிசைக்குத் தொலைபேசியே வராத குப்பத்துக்கு அந்தத் திட்டத்தில் பிடிப்பு கிடையாது. அதற்குள் கைப்பேசி முந்திக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் குப்பத்து இளைஞர்களுக்கு இணையம் என்றால் கையில் இருக்கும் போன்தான் என்றாகிவிட்டது.

கைப்பேசி போதுமே என்று தோன்றலாம். கரையில் போதும் என்றே வைத்துக்கொள்வோம். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், மீன் கூடும் இடங்களைக் கணித்து மீனவர்களுக்கு அனுப்புகிறது. கடல் நீரின் நிறத்தைக் கண்டு நுண்ணுயிர்த் தாவரங்கள் எங்கே பெருகியிருக்கின்றன என்று அளக்கும் ஓஷன்சாட் செயற்கைக்கோள்கள் அதற்கு உதவுகின்றன. 1999, 2009, 2022 ஆகிய ஆண்டுகளில் அவை மூன்றும் ஏவப்பட்டது இதே ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. அந்தக் குறுஞ்செய்தி போனில் வந்துவிடும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடம் கேட்கவும், மகளிர் குழுவினர் கருவாட்டையும் நண்டையும் வெளியூர் வியாபாரிக்கு வீடியோவில் காட்டவும், ஊராட்சி அலுவலகத்தில் சான்றிதழ் வேலை நடக்கவும் நிலையான கம்பி வேண்டும். கொரோனா காலத்தில் ஒரே போனைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கம்பி இனி கண்ணாடி. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பொறுப்பை தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஒளியிழைக்கு உப்புக்காற்றில் துரு ஏறாது, வானொலி அலை அதில் கசியாது, இடி இழுக்காது. வீட்டு இணைப்புகளில் புழங்கும் ஜிபான் முறையில் ஒரே இழையில் வினாடிக்கு 2.5 கிகாபிட் வந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். இடையில் மின்சாரம் வேண்டாமல் 20 கிலோமீட்டர் வரை போகும். செம்புக்கு எட்டாக்கனியாக இருந்த மணல்திட்டுக் குப்பம் இந்தக் கணக்கில் பக்கத்து வீடுதான். எனவே ஊராட்சி அலுவலகம்வரை வந்தாயிற்று என்று பலகை மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதற்குத் தொழில்நுட்பம் இனி சாக்காகாது.

ஆனால் செம்பிடம் இருந்த, கண்ணாடியிடம் இல்லாத ஒன்று உண்டு. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே, அந்த ஜோடிக் கம்பியிலேயே, 48 வோல்ட்டில் வந்தது. இணைப்பகத்தில் பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருந்ததால், புயலில் ஊரே இருண்டு கிடந்தாலும் கம்பி அறாதவரை தொலைபேசி மணி அடித்தது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டில் கரண்ட் போனால் ஒளியிழைக் கருவி அணைந்துவிடும். இணையத்தோடு தொலைபேசியும் போய்விடும். பிரிட்டன் தன் பழைய தொலைபேசி அமைப்பை 2027 ஜனவரியில் மூடத் திட்டமிட்டிருக்கிறது. தனியே வாழும் முதியவர்களும் உடல்நலக் கருவிகளை நம்பியிருப்பவர்களும் மின்வெட்டில் என்ன செய்வார்கள் என்பது அங்கே பெரிய விவாதமாகி, அத்தகையோருக்கு பேட்டரி தரவேண்டிய கடமை நிறுவனங்கள் மீது விழுந்திருக்கிறது.

2016 வர்தா, 2023 மிக்ஜாம் போன்ற புயல்களைக் கண்ட திருவள்ளூர் மாவட்டக் கரைக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வீட்டு ஒளியிழைக் கருவிகள் பலவும் 12 வோல்ட்டில், சில வாட் மின்சாரத்தில் ஓடுபவை. கடையில் ரௌட்டர் யுபிஎஸ் என்று கேட்டால் கிடைக்கும் கையளவு பேட்டரி அவற்றைச் சில மணி நேரம் தாங்கும். கொஞ்சம் பெரிய பேட்டரியும் ஒரு சூரியத் தகடும் இருந்தால் ஓர் இரவைத் தாண்டலாம். ஒவ்வொரு குப்பத்திலும் புயல் பாதுகாப்புக் கட்டடத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும், ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலும் இப்படி ஒன்றைப் பொருத்தி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பார்க்கும் வேலையைக் கிராமசபைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். ஒளியிழை ஊருக்குள் வருகிற இந்த நேரத்தில் கேட்டால்தான் அது ஒப்பந்தத்துக்குள் வரும்.